பூரண சுகம்

அபயக்கரம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதுவரை ஒரு மனுஷனுக்கும் ‘இல்லை’ என்று சொன்னது கிடையாது. அந்தக் கம்பெனியின் நாகர்கோவில் கிளை மேலாளர் மகேஷ்குமார் நெஞ்சில் கைவைத்து என்னிடம் சொன்ன விஷயம் இது. ‘இல்லை’ என்று சொன்னால் கேட்டவன் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவானாம், அது மரியாதை இல்லையாம். அதனால் ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்பார்களாம். என் மகளுக்கு இன்சுலின் பம்பு வேண்டும் என்று நான் கேட்ட நாளிலிருந்து அந்த ஒரே ஒரு கேள்வியைத்தான் விதவிதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் மரியஜான். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். வள்ளம் கரைக்கு வந்து மீனை மணலில் தட்டியதும் வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள். நான் விலை கூறுவேன், ஒருவன் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான், மீன் அவனுடையது. தலையாட்டியவன் பிறகு ‘ஈ மொய்த்தது, அதைத்தான் விரட்டினேன்’ என்று சொன்னால் மறுநாள் அவன் எங்கள் கரையில் கால்வைக்க முடியாது. இப்படிப்பட்ட தொழிலில் வளர்ந்தவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் படியேறவே கூடாது. நான் ஏறினேன். என் மகளுக்காக ஏறினேன்.

அஜிஷாவுக்கு இப்போது எட்டு வயது. ஆறு வயதில் ஒரு மாதம் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்தாள், மெலிந்தாள், ஒருநாள் காலையில் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் மீட்டார்கள். டைப் ஒன் சர்க்கரை நோய் என்றார் டாக்டரம்மா. வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம், அது இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டதாம். இனி ஆயுசுக்கும் வெளியிலிருந்துதான் இன்சுலின் கொடுக்க வேண்டும், மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, யார் குற்றமும் இல்லை என்று என் மனைவி குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். 

அன்று முதல் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் ஊசி. ஊசி பழகிவிட்டது. பழகாதது, சர்க்கரை திடீரென்று இறங்குவது. கொஞ்சம் கூடுதலாக ஓடி விளையாடினால் போதும், பிள்ளை வேர்த்து, நடுங்கி, நின்ற இடத்தில் விழுந்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்தின்போது அப்படி விழுந்தாள். டாக்டரம்மா பம்பு வைத்தே ஆகவேண்டும் என்றார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், இடுப்பில் மாட்டியிருக்கும், நூல் மாதிரி ஒரு குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் கொடுக்கும், சர்க்கரை இறங்குவது தெரிந்தால் தானாக நிறுத்திக்கொள்ளும். “அடுத்த தடவை விழும்போது பக்கத்தில் ஆள் இருக்கணுமே” என்று மட்டும் சொன்னார்.

பாலிசி எங்களிடம் இருந்தது. அஜிஷாவுக்கு நோய் வருவதற்கு வெகு முன்னாலேயே குளோரியின் அத்தை மகன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ரெனிஷ் எங்கள் வீட்டில் ஆப்பமும் மீன்கறியும் தின்றுவிட்டு எழுதிக்கொடுத்துப் போன பாலிசி. அட்டையில் விரித்த உள்ளங்கை ஒன்று படம் போட்டிருக்கும். அதை நான் ஆசீர்வாதம் செய்கிற கை என்று நினைத்திருந்தேன். அது வேப்பமூடு ஜங்ஷனில் வண்டியை நிறுத்துகிற போலீஸ்காரரின் கை என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

முதல் கேள்வியை மகேஷ்குமாரே கேட்டார். தோவாளைக்காரர், மேசையில் தினமும் புது மல்லிகைச்சரம் சுற்றிய பிள்ளையார் இருப்பார், தன்மையான மனுஷன். பம்பு என்பது வெளியில் மாட்டுகிற சாமான், ஊன்றுகோல், மூக்குக்கண்ணாடி அந்த இனத்தைச் சேர்ந்தது என்று விளக்கினார். சிகிச்சை என்றால் ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்க வேண்டும். உங்கள் மகள் பம்பை மாட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்திருப்பாள் என்று கேட்டார். படுக்கவே மாட்டாள் சார், பள்ளிக்கூடம் போவாள், அதற்குத்தானே பம்பு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

“நடமாடுற குழந்தையை நோயாளின்னு நான் எப்படி சார் மேலே எழுதுவேன்? நீங்க ஒண்ணு செய்யலாம். பம்பு ஆயுள் முழுக்கத் தேவைன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ஆயுள் முழுக்க அட்மிட் ஆகி இருந்தா தாராளமா பரிசீலிக்கலாம். ரூம் வாடகைக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு உண்டு.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்ததாக ‘நலமுடன் வாழ்க’ என்ற பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். சர்க்கரை நோயாளியிடமே பேச வேண்டும் என்றாள். அஜிஷா வாங்கிப் பேசினாள். புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறாள், இவள் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். மது உண்டா, இல்லை. வேலையிடத்தில் மன அழுத்தம் உண்டா என்றதற்கு, பெனின் சார் பெருக்கல் கணக்கு தந்தால் மட்டும் உண்டு என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாரத்தில் தபாலில் அட்டை வந்தது. புகைப்பழக்கத்தை வெற்றிகரமாகக் கைவிட்டதற்கு செல்வி அஜிஷாவுக்கு வாழ்த்து, தினமும் அரைமணி நேரம் வேகநடை போகவும், இனிப்பைக் குறைத்தால் பம்பின் தேவை தானாக நீங்கும் என்று அச்சடித்திருந்தது. அஜிஷா அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். வகுப்பில் சிகரெட்டை விட்ட முதல் ஆள் அவள்தான்.

பிறகு கம்பெனியின் டாக்டர் குழு. மூன்று டாக்டர்கள் கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்கார்ந்தார்கள், அதில் ஒருவர் கடைசிவரை முகத்தைக் காட்டவில்லை. எங்கள் டாக்டரம்மாவும் தன் ஓ.பி.யை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கணையம் ஏன் வேலை செய்யவில்லை என்று குழுத் தலைவர் கேட்டார். டாக்டரம்மா காரணத்தைச் சொன்னார். அதைப் பழுதுபார்க்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று கேட்டார். பழுதுபார்க்க முடியாது என்று டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்போதுதான் முகம் காட்டாதவர் பேசினார். போன வருடம் வேலை செய்யவில்லை என்பதற்குத் தாள் இருக்கிறது, இந்த வருடமும் வேலை செய்யவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

அதன்படி எங்களுக்கு ஒரு விதி வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடம்தோறும் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கிறார்கள் அல்லவா? என் மகளின் கணையம் வருடம்தோறும் செத்துக்கிடப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கொடுத்தோம்.

அந்த வாரமே அஜிஷா மறுபடி விழுந்தாள். தக்கலையில் துணி எடுக்கப் போய்விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, குளோரியின் கையைப் பிடித்தபடியே சரிந்தாள். பக்கத்து டீக்கடைக்காரர் சர்க்கரைக் கரைசலோடு ஓடிவந்தார். பிள்ளை கண் திறக்கும்வரை குளோரி ரோட்டில் மடிபோட்டு உட்கார்ந்திருந்தாள். இனியாவது இவர்களுக்குப் புரியும் என்று நான் ஆபீசுக்கு ஓடினேன். மகேஷ்குமார் கவலையோடு எழுந்து நின்று கேட்டார், அட்மிட் செய்தீர்களா என்று. இல்லை சார், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுந்துவிட்டாள் என்றேன். அவர் நிம்மதியாக உட்கார்ந்தார். சர்க்கரைத் தண்ணீரிலேயே சரியாகிறது என்றால் பம்பு எதற்கு சார் என்று கேட்டார். அன்று அந்த மேசையைத் தூக்கி நான் என்ன செய்திருப்பேன் என்பது பிள்ளையாருக்குத்தான் தெரியும். குளோரி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

கடைசிப் படி, நேரில் வந்து விசாரிப்பது என்றார்கள். ஷாஜன் என்று ஒரு பையன் பைக்கில் வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், மார்த்தாண்டம் பக்கம் ஊர். அஜிஷாவின் ஊசித் தழும்புகளைப் பார்த்தபோது அவனுக்குக் கண் ஒருமாதிரி ஆனதை நான் கவனித்தேன். நல்லவன், இவன் எழுதுவான் என்று குளோரி பொரித்த நெத்திலி வைத்துக் கொடுத்தாள். அவனும் நல்லபடியாகத்தான் எழுதினான். ஆனால் வருகிற வழியில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டு, சிற்றாலயமான அந்தோனியார் குருசடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருக்கிறான். அங்கே சுவரில் ஒரு கல்லைப் பார்த்திருக்கிறான். வேலையில் புதுசு, பார்த்ததை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எடுத்து அனுப்பிவிட்டான்.

இந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் அந்தோனியாரிடம் ஒன்றைக் கேட்டு அது நடந்துவிட்டால், குருசடிச் சுவரில் சலவைக்கல் பதிப்பது வழக்கம். விசா கிடைத்தவன், கடலில் கவிழ்ந்து பிழைத்தவன், பரீட்சையில் பாஸானவன் என்று சுவர் முழுக்கக் கற்கள். அஜிஷா ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது குளோரியும் நேர்ந்தபடி ஒரு கல் பதித்தாள். ‘பூரண சுகம் தந்த புனித அந்தோனியாருக்கு நன்றி. அஜிஷா குடும்பத்தார்.’ அடியில் தேதி. இதில் பூரண என்பது எழுத்து வெட்டுகிறவர் தானாகப் போடுவது. எல்லாக் கல்லிலும் போடுவார். முக்கால் சுகம் தந்ததற்கு நன்றி என்று எவனாவது புனிதருக்குக் கல் வைப்பானா? எங்கள் கோயிலின் பங்குக் கமிட்டித் தலைவர் சிலுவைமுத்து கால் பூரண சுகமானதற்குக் கல் வைத்திருக்கிறார். இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறார். அது அவருக்கும் அந்தோனியாருக்கும் உள்ள விஷயம், நாங்கள் யாரும் தலையிட்டதில்லை.

மகேஷ்குமார் அந்தப் போட்டோவைப் பெரிதாக அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார். உங்கள் மகளுக்கு வந்த நோய் கல்லில் உள்ள தேதியோடு பூரணமாகக் குணமாகிவிட்டது, அதை நீங்களே ஊரறியக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்கள் என்றார். அப்படியானால் இப்போது இருப்பது வேறு நோய், புது நோய். புது நோய்க்கு மூன்று வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. 

அது நேர்ச்சைக் கல் சாரே, எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், டாக்டரம்மாவின் தாள் அத்தனை இருக்கிறதே என்று நான் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை.

“சார், நம்ம கம்பெனிக்கு எல்லா மதமும் சமம். டாக்டர் எழுதினதை நாங்க சந்தேகப்படலாம், அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம். ஆனா ஒரு புனிதர் செஞ்சதைச் சந்தேகப்பட நாங்க யாரு? உங்க மனசைப் புண்படுத்துற பாவத்தை நாங்க செய்ய மாட்டோம். நீங்க ஒரே ஒரு தாள் வாங்கிட்டு வாங்க. இந்தக் குழந்தைக்கு அந்தோனியார் சுகம் தரலைன்னு உங்க கோயில் லெட்டர்பேடுல எழுதி, சீல் வெச்சு.”

இது நடக்கிற காரியம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பங்குக் கமிட்டிதான். கல்யாணம், வலைச்சண்டை, வாய்க்கால் தகராறு எதுவானாலும் கமிட்டி ஒரு தாள் எழுதினால் தீர்ந்தது. அதே பழக்கத்தில் போய் மனு கொடுத்தேன். திருவிழாவுக்குக் கொடியேற்ற ஒரு மாதம் இருந்தது. கமிட்டி கூடியது. சிலுவைமுத்து நொண்டிக்கொண்டே எழுந்து வந்து பேசினார்.

“மரியஜானுக்க மோளு நமக்க பிள்ளையாக்கும். அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா திருவிழா நேரத்துல, அந்தோனியாரு கைவிட்டுட்டாருன்னு நாமளே சீல் வெச்சுக் குடுக்கணும்னா எப்படி? இன்னைக்கு ஒரு கல்லை இளக்கினா நாளைக்கு அம்புட்டுக் கல்லையும் நோண்டிப் பாக்க மாட்டானா? எனக்க காலை வந்து அளக்க மாட்டானா?”

கடைசி வாக்கியம்தான் அவர் கவலை. கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டலும் கிடைத்தது. என் மகளுக்காக ஒரு நிமிடம் மௌன ஜெபம் செய்துவிட்டுக் கலைந்தார்கள்.

பங்குத்தந்தை மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டார். ஃபாதருக்கு வயது முப்பதுதான், படித்தவர். ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தது என்று சொல்ல ரோமாபுரியே முதலில் டாக்டர்களைத்தான் கேட்கும், உங்கள் கம்பெனி டாக்டரைத் தள்ளிவிட்டுப் புதுமையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, திருச்சபையைவிட அவர்களுக்கு விசுவாசம் அதிகம் என்று சொல்லித் தலையில் கைவைத்துக்கொண்டார். கமிட்டியை மீறித் தாள் தர அவராலும் முடியவில்லை. 

வீட்டுக்கு வந்து சொன்னேன். அஜிஷா தின்பண்டம் கேட்டு நின்றிருந்தாள். குளோரி அவள் விரலில் குத்தி சர்க்கரை அளவு பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம் மக்கா என்று அனுப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, “அவனுவளுக்கு டாக்டருக்க தாளு புரியாது. கல்லுதான் புரியும்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நாகர்கோவில் பஸ் ஏறிப்போய், கல்லறைக்கும் குருசடிக்கும் எழுத்து வெட்டுகிற அதே கடையில் ஒரு கல் வெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய கல்லுக்கு நேர் கீழே பதித்தாள்.

‘அபயக்கரம் இன்ஷூரன்ஸ் கம்பெனியாரின் மனம் இரங்க வேண்டி, புனித அந்தோனியாரின் பாதத்தில். அஜிஷா, பாலிசிதாரர்.’

வேண்டுதலுக்குக் கல் வைப்பது எங்கள் வழக்கமில்லை, நடந்த பிறகு நன்றிக்குத்தான் வைப்பது. ஆனால் வைக்கக்கூடாது என்றும் சட்டம் இல்லை. சிலுவைமுத்துகூட வாயைத் திறக்கவில்லை. அதில் அந்தோனியார் கைவிட்டதாக ஒரு வார்த்தையும் இல்லையே.

செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு விசேஷம், வெளியூர் ஜனம் எல்லாம் வரும். முதல் செவ்வாய் அந்தக் கல்லைப் படித்துவிட்டு ஒருவர் சிரித்தார். அடுத்த செவ்வாய் அஞ்சுகிராமத்திலிருந்து ஒருவர் தன் பாலிசி அட்டையை நகல் எடுத்துக் கல்லுக்கு அடியில் வைத்து மெழுகுவர்த்தி கொளுத்தினார். அவருக்குக் குடலிறக்கம். கம்பெனி அதை, பாரம் தூக்கினதால் வந்ததா, தூக்கும் முன்பே வந்ததா என்று ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறதாம். பிறகு கண்புரைக்காரர்கள் வந்தார்கள், மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள். அய்யாவழிக் குடும்பம் ஒன்று நெற்றியில் நாமத்தோடு வந்து, இது எந்த சாமியானாலும் பரவாயில்லை என்று நகலை வைத்துவிட்டுப் போனது. ரெனிஷ் கூட வந்தான், அவனுக்கே சிறுநீரகக் கல்லுக்குப் பணம் வரவில்லையாம். ஒரு மாதத்தில் குருசடிக்கு முன்னால் கிளை ஆபீசைவிட நீண்ட வரிசை நின்றது. இதற்கிடையில் கண்புரைக்காரர் ஒருவருக்குத் தற்செயலாகப் பணம் வந்து தொலைத்தது. அவர் போய் நன்றிக் கல் பதித்துவிட்டார். அதோடு கதை கைமீறிவிட்டது, போட்டோ எல்லார் போனிலும் வந்துவிட்டது.

அப்புறம்தான் சென்னையிலிருந்து மண்டலத் தலைவர் காரில் வந்தார். மகேஷ்குமார் கூட இருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குருசடிக்கு முன்னால் நின்று மண்டலத் தலைவர் பேசினார். தங்கள் கம்பெனியின் மனம் எப்போதுமே இரங்கித்தான் இருக்கிறது, அதை வெளியில் காட்டிக்கொள்ள விதிமுறையில் இடமில்லை என்று வருத்தப்பட்டார். ஒரு குழந்தையின் வலி வேறு, அதை ஊரார் படிப்பது வேறு, இரண்டாவதை ஒரு பொறுப்புள்ள நிறுவனம் ஒருநாளும் அனுமதிக்காது என்றார். ஜனங்கள் புரியாமல் கைதட்டினார்கள். அஜிஷாவுக்கு பம்பு சிறப்பு நேர்வாக அனுமதிக்கப்பட்டது என்று அறிவித்தார். குளோரி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஒரே ஒரு நிபந்தனை. வேண்டுதல் கல்லை எடுத்துவிட்டு அங்கே ஒரு நன்றிக் கல் வைக்க வேண்டும், கல்லும் கூலியும் அவர்கள் செலவு. வாசகத்தை சென்னையிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ‘பூரண சுகம் தந்த அபயக்கரம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு நன்றி. அஜிஷா குடும்பத்தார்.’ 

நான் பூரண என்ற சொல்லில் விரலை வைத்தேன். அதை மட்டும் எடுத்துவிடலாமே சார் என்று கேட்டேன். விளம்பரப் பிரிவு ஒப்புதல் கொடுத்துவிட்டது, இனி ஒரு எழுத்தும் மாற்ற முடியாது என்றார் மகேஷ்குமார். பம்பு காரில் இருந்தது. பெட்டி எனக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன். எங்கள் தொழிலில் தலையாட்டினால் முடிந்தது.

பம்பு வந்த பிறகு என் மகள் ஓடினாள். அதை எப்படிச் சொல்ல? பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடி நாலாவதாக வந்தாள், விழவில்லை. நாலாவது வந்த பிள்ளைக்கு அப்படி ஒரு கைதட்டலை அந்தப் பள்ளிக்கூடம் பார்த்திருக்காது, தட்டினது முழுக்க குளோரி. பம்பை வைக்கப் பூப்போட்ட பை ஒன்று தைத்து இடுப்பில் கட்டிவிட்டிருந்தாள். தக்கலைக்குப் போனால் இப்போது கையைப் பிடிக்காமல் முன்னால் நடக்கிறாள். 

ஆனால் பம்பு என்றால் அந்தப் பெட்டி மட்டும் இல்லை. உடம்பில் சொருகுகிற குழாயும் மருந்துக் குப்பியும் மூன்று நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். அது இல்லாவிட்டால் பம்பு வெறும் டப்பா. அந்தக் குழாய்க்கு விண்ணப்பம் போட்டோம். பதில் மிக வேகமாக வந்தது, இந்த ஒரு பதில்தான் வேகமாக வந்தது. பயனாளிக்கு எங்கள் நிறுவனத்தாலேயே பூரண சுகம் கிடைத்துவிட்டது என்பது கல்வெட்டு ஆதாரத்தின் மூலம் உறுதியாகிறது, எனவே குழாய் தேவைப்படாது, மேலும் பூரண சுகமானவருக்கு பம்பும் தேவையில்லை என்பதால் அதை அசல் பெட்டியோடு திருப்பித் தரவும், எடுத்துச்செல்ல எங்கள் பிரதிநிதி வருவார்.

பிரதிநிதி ஷாஜன்தான். தலையைக் குனிந்துகொண்டே முற்றத்தில் வந்து நின்றான். அஜிஷா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள், பூப்பை இடுப்பில் துள்ளிக்கொண்டிருந்தது. குளோரி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“பெட்டி இதாக்கும். சாமானம் அவளுக்க இடுப்புல இருக்கு. நான் கழட்ட மாட்டேன். உனக்குக் கை வந்தா நீயே கழட்டிட்டுப் போ மக்கா.”

ஷாஜன் அஜிஷாவைப் பார்த்தான். அவள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முன்னால் நின்றாள். சட்டையை ஓரமாகத் தூக்கிக் குழாய் உள்ளே போகிற இடத்தைக் காட்டினாள். டீச்சரிடம் நோட்டைக் காட்டுகிற மாதிரித்தான் காட்டினாள். கழட்டினால் வலிக்குமா என்று அவன் கேட்டான்.

“கழட்டினா வலிக்காது மாமா. அதுக்குப் பொறவுதான்.”

அவன் பெட்டியைத் தள்ளி வைத்தான். பிறகு எங்கள் வாசற்படியில், திறந்து கிடந்த கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, போனை எடுத்து ஆபீசுக்கு எழுதினான். எழுதினதை எனக்கு வாசித்தும் காட்டினான். ‘நேரில் சென்றேன். வீடு பூட்டியிருந்தது.’ எங்கள் விஷயத்தில் இத்தனை நாளும் எழுதப்பட்ட அத்தனை தாளிலும் அது ஒன்றுதான் அப்பட்டமான பொய். எங்களுக்கு உதவினதும் அது ஒன்றுதான். குளோரி அவனுக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த மாதமும் அவனையே அனுப்பினார்கள், அடுத்த மாதமும் வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது மாதம் கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீடு பூட்டியிருப்பதற்குப் போட்டோ ஆதாரம் வேண்டும், இடமும் நேரமும் அதில் தெரிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஷாஜன் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு முற்றத்திலேயே நின்றான். எங்கள் வீட்டில் பூட்டு கிடையாது. கடற்கரையில் யார் வீட்டைப் பூட்டுகிறார்கள்? குளோரி கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தாள்.

இப்போது மாதம் ஒருதரம் இது நடக்கிறது. ஷாஜனின் பைக் சத்தம் கேட்டதும் நாங்கள் மூவரும் வெளியே வருவோம். வாசலில் கிடக்கிற செருப்பு, கொடியில் கிடக்கிற துணி எல்லாவற்றையும் எடுத்து ஒளிப்போம். குளோரி கதவைச் சாத்தி நாதாங்கியில் பூட்டைப் போடுவாள். சாவி அஜிஷாவிடம். மூன்றுபேரும் ஷாஜனுக்குப் பின்னால் போய், போட்டோவில் நிழல்கூட விழாதபடி முருங்கை மரத்தடியில் ஒட்டிக்கொண்டு நிற்போம். குழாய்ச் செலவை நான் எப்படியோ சமாளித்துக்கொண்டு வருகிறேன், அதை இங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வீடு நெடுநாளாகப் பூட்டிக்கிடப்பதால் குடும்பத்தார் எங்கே போனார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு தனி விசாரணைக்குக் கம்பெனி ஏற்பாடு செய்திருக்கிறதாம். பூட்டிக்கிடக்கிற வீட்டின் பிரீமியம் மட்டும் என் பேங்கிலிருந்து தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது.

போன மாதமும் ஷாஜன் வந்தான். போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடினான். பக்கத்தில் பார்த்தால், அஜிஷா சாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து நிற்கிறாள். எனக்குப் பகீரென்றது. சர்க்கரை இறங்குகிறதோ என்று குளோரி குனிந்து பூப்பையைத் திறந்து பம்பின் திரையைப் பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள், அவ்வளவுதான்.

குளோரி அவள் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“போட்டோவுல சத்தம் கேக்காது மக்கா. நீ மூச்சு விடு.”